உருகுநிலை

வெர்ராஷ்டட்,
10 அக்டோபர் 1976

அன்புள்ள வால்பர்கா அத்தைக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள், நானும் கேட்கிறேன். எனக்கு ஆய்வகக் குளிரில் பிடித்த ஜலதோஷம் தவிர வேறு குறையில்லை.

பேராசிரியர் கெஸ்ஸெனிஷ் என்னை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். அவர் எனக்குக் கொடுத்திருக்கும் வேலை எதுவென்று அறிந்தால் சிரிப்பீர்கள். லியோன்ஹார்ட் மாமா செய்துவிட்டதாக 1961இல் மாநாட்டில் அறிவித்த அதே கூண்டுதான். நான்கு கார்பன் அணுக்கள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் கைகோர்த்து நிற்க வேண்டும். கார்பன் கைகளை அகல விரித்து நிற்கப் பிறந்தது. இந்தக் கூண்டில் அந்தக் கைகளை முறுக்கி மடக்குகிறோம். அதனால் எந்நேரமும் பிய்த்துக்கொண்டு ஓடத்தான் பார்க்கும். மாமாவுக்கு முன்னும் பின்னும் இதைக் கையில் பிடித்ததாக யாரும் சொன்னதில்லை. மாமா சொன்னதையும் பலர் நம்பவில்லை.

அவர் மூடி உருக்கி வைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்று உங்கள் அலமாரியில் இருப்பதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். உள்ளே வெள்ளைப் படிகங்கள். அதை எனக்கு அனுப்புவீர்களா? அது கூண்டுதான் என்று காட்டிவிட்டால் மாமாவின் பெயர் நிமிரும். எனக்கும் வழி தெரியும்.

உங்கள் பதிலுக்கு ஏங்கும்,
ரோஸ்விதா


பாம்பெர்க்,
24 அக்டோபர் 1976

அன்புள்ள ரோஸ்விதா,

முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் ஜலதோஷத்துக்கு வெந்நீரில் சேஜ் இலை போட்டுக் குடி. கடிதம் எழுதும்போது தாளின் இடப்பக்கம் இரண்டு விரல் இடம் விடு. உன் எழுத்து விளிம்பில் தொங்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

குப்பியை அனுப்ப மாட்டேன்.

அந்த மாநாட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் நான். உன் மாமா பேசி முடித்ததும் அரங்கம் எழுந்து நின்றது. நிற்காதவர் ஒருவர்தான்: உன் மாமாவின் துறையிலேயே இருந்த ஓலெண்டோர்ஃப். அவர் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ட்ரௌட்வைன், எல்லாம் சரி. உருகுநிலை என்ன?" உன் மாமா, "இருக்கறதே ஒரு சிட்டிகை. அத உருக்கிப் பாக்க மனசு வரல" என்றார். அதற்கு ஓலெண்டோர்ஃப், "மனசு வரும்போது சொல்லுங்க" என்றார். உருகுநிலை இல்லாத பொருளை உங்கள் துறையில் யாரும் பொருளாக எண்ணுவதில்லை என்று உனக்குத் தெரியும். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஊர் ஊராகப் போயிற்று. இரண்டு ஆண்டுகளில் உன் மாமாவின் இதயம் நின்றுவிட்டது. மருத்துவர் வேறு காரணம் எழுதினார். எனக்குக் காரணம் தெரியும்.

அவர் பெயர் உன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில், முதலில் செய்தவர் என்ற சொற்களோடு வரட்டும். அதற்குப் பிறகு குப்பியைப் பற்றிப் பேசுவோம்.

சீமைமாதுளை ஜெல்லி செய்தேன். உன் அம்மாவிடம் இரண்டு ஜாடி கொடுத்தனுப்புகிறேன்.

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும்.
வால்பர்கா அத்தை


வெர்ராஷ்டட்,
21 நவம்பர் 1976

அன்புள்ள அத்தைக்கு,

இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன், பாருங்கள். ஜெல்லியில் ஒரு ஜாடியை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனது தவறு. திரும்பி வந்தது கரண்டி மட்டும்தான்.

சோதிக்காமல் முதலில் செய்தவர் என்று எப்படி எழுதுவேன்? பள்ளியில் உங்களுக்குக் கணக்குச் சொல்லித்தந்த சகோதரி பெனிக்னா, விடை சரியாக இருந்தாலும் வழியைக் காட்டாவிட்டால் சுழியம் போடுவார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

மாமாவின் யோசனை அருமையானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கூண்டின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு பருத்த குழுவை நிறுத்தச் சொன்னார். எங்காவது ஒரு பிணைப்பு அவிழ வேண்டுமென்றால் இந்தப் பருத்தவர்கள் ஒருவரையொருவர் இன்னும் நெருக்க வேண்டும். அதற்கு இடமில்லை. ஆகவே அவிழ முடியாமல் கூண்டு நிற்கும். நாங்கள் இதை இடுப்புக்கச்சையோடு ஒப்பிட்டுப் பேசிக்கொள்வோம்.

சோதனையும் எளிது. மூடிய குப்பியை அப்படியே சூடாக்க வேண்டும். கூண்டாக இருந்தால் நூற்று முப்பது டிகிரி தாண்டியதும் உருகி, அவிழ்ந்து, நிறம் ஏறும் என்பது எங்கள் கணக்கு. வேறு எதுவாக இருந்தாலும் வெள்ளையாகவே கிடக்கும். குப்பியை உடைக்கக்கூட வேண்டாம், அத்தை.

குளிரில் வெளியே அலையாதீர்கள்.
ரோஸ்விதா


பாம்பெர்க்,
19 டிசம்பர் 1976, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு

அன்புள்ள ரோஸ்விதா,

உனக்கும் உன் அம்மாவுக்கும் கிறிஸ்து பிறப்பின் வாழ்த்து. பூசைக்கு நடந்தே போய் வருகிறேன். முழங்காலைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டாம்.

இடுப்புக்கச்சையை நான் பதினாறு வயது முதல் அணிந்தவள். அது வெளியிலிருந்து இறுக்குவது. நீ எழுதியிருப்பது அப்படியல்ல. உள்ளே இருப்பவன் வெளியேற முடியாதது வாசலில் நிற்பவர்களின் பருமனால். அது கச்சை அல்ல. பாடல் பூசை முடிந்து கதவருகே நின்று வம்பளக்கும் கூட்டம். உன் ஆய்வகத்தில் பெண்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

ஓலெண்டோர்ஃப் வழக்கம்போல் பண்டிகை அட்டை அனுப்பியிருந்தார். வழக்கம்போல் அடுப்பில் போட்டேன்.

குப்பியைப் பற்றி நீ மறுபடி எழுத வேண்டாம். உன் மாமா கையால் மூடியது மூடியபடி இருக்கும்.

இறைவனின் சமாதானம் உன்னோடு.
வால்பர்கா அத்தை


வெர்ராஷ்டட்,
30 ஜனவரி 1977

அன்புள்ள அத்தைக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, மன்னியுங்கள். கூண்டு கிடைத்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

எங்களிடம் ஒரு கருவி உண்டு. காந்தத்தின் நடுவே கரைசலைச் சுழற்றினால் தாளில் கோடுகள் வரையும். மூலக்கூறில் வெவ்வேறு இடத்தில் நிற்கும் ஹைட்ரஜன்கள் வெவ்வேறு கோடுகள் தரும். நாலாபக்கமும் ஒரே மாதிரி இருக்கும் கூண்டு என்றால் ஒரே ஒரு கோடுதான் வரும். என் கரைசலுக்கு ஒரே கோடு வந்தது. எதிர்பார்த்த இடத்தில், ஊசிபோல.

கெஸ்ஸெனிஷ் ஆய்வக வாசலிலேயே ஷாம்பெயின் புட்டியைத் திறந்துவிட்டார். ஈஸ்டர் முடிந்து நடக்கும் மாநாட்டில் அறிவிக்கப்போகிறார். அமெரிக்காவில் ஒரு குழுவும் நெருங்கிவிட்டதாம்.

எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூண்டு செய்யும்போதே நடுவில் இரண்டாகப் பிளந்துபோகலாம். அந்தப் பாதித் துண்டுகளும் ஒரே கோடுதான் தரும், கிட்டத்தட்ட அதே இடத்தில். கெஸ்ஸெனிஷிடம் இதைச் சொன்னேன். "ரோஸ்விதா, ஒரே கோடு. ஒரே கோடும்மா. அதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு, தேவதூதர் வந்து சொல்லணுமா?" என்றார். கரைப்பானை ஆவியாக்கி ஓட்டிவிட்டுப் படிகம் மிஞ்சுகிறதா என்று பார்ப்போம் என்றேன். "இருக்கறதே ஒரு சொட்டு. அதயும் காயப்போட்டுத் தொலைக்கச் சொல்றீங்களா?"

அறிவிப்பின் சுருக்கத்தில் என் பெயரும் இருக்கும். நான் கையெழுத்திட வேண்டும். மறுத்தால் அடுத்த ஆண்டு இந்த ஆய்வகத்தில் எனக்கு இடம் இருக்குமா, தெரியாது.

மாநாட்டுக்குப் போகும் முன் மாமா எப்படி இருந்தார், அத்தை? அவருக்குச் சந்தேகமே வரவில்லையா?

ரோஸ்விதா


பாம்பெர்க்,
24 பிப்ரவரி 1977

அன்புள்ள ரோஸ்விதா,

உன் கடிதம் வந்தது. தாமதத்துக்குக் காரணம் வேலை. நேற்று முதல் தவக்காலம். அதற்கு முன் வழக்கம்போல் க்ராப்ஃபன் பலகாரம் பொரித்தேன். வலக்கைச் சுட்டுவிரலில் கொதிக்கும் கொழுப்பு தெறித்துவிட்டது; எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

ஒன்று கேட்கிறேன். சமையலறையில் சர்க்கரைப் பாகுக்கு வைத்திருக்கும் வெப்பமானி எவ்வளவு நம்பத்தகுந்தது? நீ சொல்லும் அந்த நிறம் சூட்டிலேயே ஏறுமா, ஆறிய பிறகா? ஏறிய நிறம் மறுபடி வெளுக்குமா? பொதுவாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

உன் மாமா மாநாட்டுக்கு முன் நன்றாக இருந்தார்.

வால்பர்கா அத்தை


வெர்ராஷ்டட்,
2 மார்ச் 1977

அன்புள்ள அத்தைக்கு,

விரலுக்கு மருந்து போட்டீர்களா?

பாகு வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே காட்டும். கொதிக்கும் தண்ணீரில் வைத்துச் சரிபார்க்கலாம். நிறம் சூட்டிலேயே ஏற வேண்டும். குப்பி மூடியிருந்தால் ஆறினாலும் வெளுக்காது.

அத்தை, என்ன செய்தீர்கள்? கூண்டில் அடைந்து கிடக்கும் விசை கொஞ்சமல்ல. சூட்டில் குப்பி வெடித்திருந்தால் கண் போயிருக்கும்.

ரோஸ்விதா


வெர்ராஷ்டட்,
20 மார்ச் 1977

அன்புள்ள அத்தைக்கு,

உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தொலைபேசியில் அம்மா கூப்பிட்டால் "நல்லா இருக்கேன், வெச்சிடு" என்கிறீர்களாம்.

மாத முடிவில் சுருக்கம் அச்சுக்குப் போகிறது. கெஸ்ஸெனிஷ் தினமும் என் மேசைக்கு வந்து பேனாவைத் தட்டுகிறார். "உங்க மாமா பயந்தவர் இல்ல. நீங்க ஏன் இப்படி?" என்று நேற்றுக் கேட்டார். கையெழுத்தைப் போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். எல்லோரும் சரி, நான் ஒருத்தி மட்டும் தவறு என்பதற்குத்தானே வாய்ப்பு அதிகம்?

சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்விதா


பாம்பெர்க்,
23 மார்ச் 1977

ரோஸ்விதா,

கையெழுத்திடாதே.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நோன்புக்கு முந்திய சனிக்கிழமை, க்ராப்ஃபன் பொரிக்கும் சட்டியில் கொழுப்பு ஊற்றி, உன் மாமாவின் குப்பியை நூலில் கட்டி உள்ளே இறக்கினேன். பக்கத்தில் வெப்பமானி. அவருடைய பழைய பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெரிய சட்டியின் மூடியைக் கேடயமாகப் பிடித்து, அதன் ஓரத்தால் பார்த்தேன். யாராவது வந்திருந்தால் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பங்குத்தந்தையிடம் ஓடியிருப்பார்கள்.

அறுபத்துநாலு டிகிரியில் எல்லாம் உருகியது. பிறகு ஆவியாக ஏறி, கொழுப்புக்கு மேலே நின்ற குப்பியின் கழுத்தில் பனிபோலப் படிந்தது. குப்பியைச் சாய்த்து முழுவதும் அமிழ்த்தினேன். நூற்று ஐம்பது வரை கொண்டுபோனேன். நிறம் ஏறவில்லை. ஆறியபோது முன்போலவே வெள்ளை.

வெப்பமானியைக் குறை சொல்ல விரும்பினேன். உன் பதில் வந்ததும் கொதிநீரில் சரிபார்த்தேன். அது பிழையில்லை. மறுபடி சூடாக்கினேன். மறுபடி அறுபத்துநாலு.

பதினான்கு ஆண்டுகளாகக் காலை காபியை அந்தக் குப்பிக்கு எதிரே உட்கார்ந்துதான் குடிக்கிறேன். அதனால் உடனே எழுத முடியவில்லை. எழுதாமலே இருந்துவிடலாம் என்றும் இருந்தேன். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் உன் ஜனவரிக் கடிதம் என்னை விடவில்லை. மாநாட்டுக்குக் கிளம்பும் ரயிலடியில் அவருடைய கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே, "எல்லாம் பாத்தாச்சா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரே கோடு, வால்பி. அதுக்கு மேல என்ன வேணும்?" உன் பேராசிரியர் சொன்ன அதே சொற்கள். உன் மாமா நன்றாக இருந்தார் என்று எழுதினேன் அல்லவா? நன்றாகத்தான் இருந்தார். அதுதான் பயம்.

குப்பியைப் பஞ்சில் சுற்றி இதோடு அனுப்புகிறேன். யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டு. முதல் பக்கத்தில் அவர் பெயர் வேண்டாம்.

அந்தச் சொட்டைக் காயப்போடு.

வால்பர்கா அத்தை


வெர்ராஷ்டட்,
17 ஏப்ரல் 1977

அன்புள்ள அத்தைக்கு,

குப்பி பத்திரமாக வந்தது. கண்ணாடியில் இன்னும் க்ராப்ஃபன் வாசனை இருந்தது. மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வேலை செய்யவில்லை.

பிறகு அதை எடுத்துக்கொண்டு வாரக் கூட்டத்துக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் கெஸ்ஸெனிஷிடம், "இதுவும் ஒரே கோடுதான். அறுபத்துநாலுல உருகுது" என்றேன். அவர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு உருக்கினது?"

"எங்க அத்தை. பலகாரச் சட்டியில."

யாரும் சிரிக்கவில்லை. அவர் வெகுநேரம் குப்பியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "ட்ரௌட்வைன் பேசினப்ப நானும் அங்க எழுந்து நின்னவன்தான்" என்றார் கடைசியில். "போங்க. காயப்போடுங்க."

கரைப்பானை மெல்ல ஓட்டினேன். கூண்டாக இருந்தால் படிகம் மிஞ்ச வேண்டும். குடுவையின் அடி கழுவி வைத்ததுபோல் இருந்தது. எல்லாம் பிளந்த பாதிகள்தான், கரைப்பானோடு பறந்துவிட்டன. மாநாட்டிலிருந்து எங்கள் உரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் என் மேசையில் கூண்டு செய்வதற்கு ஒளி பாய்ச்சும் புதிய விளக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

மாமாவின் குப்பியை உங்கள் அனுமதியோடுதான் திறந்தேன் என்று எடுத்துக்கொள்கிறேன். பாதியைச் சோதித்துவிட்டு மீதியை மூடிவிட்டேன். கண்ணாடித் திருகுகள் இறுகாமல் இருக்க நாங்கள் எல்லோரும் ஒரு மசகு தடவுவோம். அவர் பயன்படுத்திய கடுமையான காரம் அந்த மசகைத் தின்று அழகான வெள்ளைப் படிகமாக்கியிருக்கிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அதற்கும் ஒரே கோடு. அவர் யாரையும் ஏமாற்றவில்லை, அத்தை. அவர் கண்டது உண்மையில் அவர் முன்னால் இருந்தது.

நான் முதலிலிருந்து தொடங்குகிறேன். இப்போது சாப்பிடுகிறேன்.

ரோஸ்விதா


வெர்ராஷ்டட்,
25 செப்டம்பர் 1977

அன்புள்ள அத்தைக்கு,

வெயில் காலத்தில் முழங்கால் சௌகரியமாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன், கேட்கவில்லை.

இன்னும் கடுங்குளிரில் வைத்து, புது விளக்கின் கீழ் பொறுமையாகச் செய்தோம். கரைப்பானை ஓட்டியபோது குடுவையின் அடியில் படிகம் நின்றது. காற்றில் வைத்தோம், போகவில்லை. ஒரு பகுதியைக் குப்பியில் மூடிச் சூடாக்கினோம். அறுபத்துநாலில் ஒன்றும் ஆகவில்லை. நூறில் ஒன்றும் ஆகவில்லை. கெஸ்ஸெனிஷ் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எவ்வளவு அழுத்தினார் என்பது மறுநாள்தான் தெரிந்தது. நூற்று முப்பத்தைந்தில் உருகி, கண்ணெதிரே ஆரஞ்சு நிறம் ஏறியது.

அந்தக் குப்பிக்கு இனி ஆய்வகத்தில் வேலையில்லை. அவிழ்ந்துவிட்டது. அதையும் மாமாவின் குப்பியையும் உங்களுக்கு அனுப்புகிறேன்.

நீங்கள் வேண்டாம் என்றாலும் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன்: "நான்கு மூலைகளில் பருத்த குழுக்களை நிறுத்தினால் இக்கூண்டு நிற்கும் என்று முதலில் எண்ணியவர் எல். ட்ரௌட்வைன்." அதிகமாக இருந்தால் அடித்துவிடுங்கள்.

அன்புடன்,
ரோஸ்விதா


பாம்பெர்க்,
13 நவம்பர் 1977

அன்புள்ள ரோஸ்விதா,

குப்பிகள் உடையாமல் வந்தன. உன் வரியைப் பலமுறை படித்தேன். ஒரு சொல்லும் அதிகமில்லை, ஒரு சொல்லும் குறைவில்லை. அப்படியே இருக்கட்டும். கல்லறைத் திருநாளன்று உன் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன்.

பிறகு ஓலெண்டோர்ஃபுக்கு அட்டை எழுதினேன். காபிக்கு வரச் சொன்னேன். அவருக்கு எண்பது கடந்துவிட்டது. இரண்டு ரயில் மாறி வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றார். "உள்ள வாங்க, கேக் ஆறிடும்" என்றேன். அது ஆப்பிள் கேக். ஆறித்தான் இருந்தது.

அலமாரியில் இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறத்தைக் காட்டி, உன்னைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றதைப் பார்த்தார்.

"இது லியோன்ஹார்டோடதா?"

"ஆமா."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு எல்லாரும் சிரிக்கற மாதிரி ஆயிடுச்சு. நான் சிரிக்கறதுக்காகக் கேக்கலைங்க. நெஜமாவே தெரிஞ்சிக்கணும்னுதான் கேட்டேன். ஒவ்வொரு அட்டைலயும் அத எழுதியிருந்தேன்."

அட்டைகள் எங்கே போயின என்று சொன்னேன். தலையாட்டினார்.

பிறகு, "இப்ப கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"உருகுநிலை என்ன?"

"அறுபத்துநாலு," என்றேன். "ரெண்டு தடவ பாத்தேன்."

அவர் தட்டை நீட்டினார். இன்னொரு துண்டு வைத்தேன்.

ஆண்டவர் உன் வேலையை ஆசீர்வதிக்கட்டும். இடப்பக்கம் இடம் விட மறக்காதே.

வால்பர்கா அத்தை